நவதுறவகத்தைப் பாதியில் விட்டு வந்தவள் கேட்கிறேன்: அந்த அழைப்பு இன்னும் நிற்கிறதா?

பாதிப்பக்கம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே நெடுநாளாக வாசித்துக்கொண்டிருப்பவள், எழுதுவது இதுதான் முதல் முறை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இளவயதில் ஒரு துறவற சபையில் சேர்ந்தேன். முன்பயிற்சி முடித்து, வார்த்தைப்பாடு எனும் துறவற வாக்குறுதிக்கு முந்தைய பயிற்சிக் காலமான நவதுறவகத்தில் இருந்தபோது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. பயிற்சித் தலைவி என்னைப் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. "செபித்துவிட்டு நீயே முடிவெடு" என்றார். வீட்டுக்குத் திரும்பினேன். அந்த முடிவைப் பற்றி அன்றும் வருத்தம் இல்லை, இன்றும் இல்லை. இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள்.

பிறகு ஆய்வுக்கூடப் படிப்பு, மருத்துவமனை இரத்த வங்கியில் வேலை, பெரும்பாலும் இரவுப் பணி. பகலில் அப்பா. அவர் கடைசி வரை பேச்சு முழுதாகத் திரும்பாமலேயே இருந்து சென்ற ஆண்டு இறந்தார். நான் நாற்பதைத் தாண்டிவிட்டேன். திருமணம் செய்துகொள்ளவில்லை, யாரும் தடுக்கவுமில்லை, நான் தேடவுமில்லை.

அவர் போன பிறகுதான் இந்தப் பழைய இழுப்பு மறுபடியும் வந்திருக்கிறது. மணியடிக்கும் நேரத்துக்கு விழிப்பு வருகிறது. நவதுறவகத்தில் தியான நாள்களில் எழுதிய குறிப்பேட்டை எடுத்து வாசிக்கிறேன். பாதிக்கு மேல் வெற்றுத்தாள். என் கையெழுத்து எனக்கே அந்நியமாக இருக்கிறது. அதில் எழுதியிருக்கும் பெண் எல்லாவற்றையும் பற்றி மிக உறுதியாக இருக்கிறாள். அவளைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகவும் கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கிறது.

என் குழப்பம் இதுதான். இது கடவுளின் குரலா, அல்லது காலியான வீட்டின் எதிரொலியா? அப்பாவுக்கு மருந்து கொடுக்க வேண்டிய நேரத்தில் இப்போது செய்வதற்கு ஒன்றும் இல்லை. அந்த நேரத்தை நிரப்பத்தான் மடத்தை நினைக்கிறேனா? கைகளுக்கு வேலை இல்லாமல் போனதும் மனம் உண்டாக்கிக்கொண்ட ஏக்கத்துக்குப் புனிதமான பெயர் சூட்டுகிறேனா?

செபக் குழுவில் ஒருவர், கலப்பையில் கை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பவர் இறையாட்சிக்குத் தகுதியற்றவர் என்ற வசனத்தை என் முகத்துக்கு நேராகவே சொன்னார். இன்னொருவர், "எல்லாம் ஆண்டவருடைய நேரத்தில் நடக்கும்" என்றார். முதலாமவராவது ஏதோ ஒன்றைச் சொன்னார்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன், இதற்குத் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை. எங்கள் இரத்த வங்கியில் ஒரு சிறு ஜன்னல் உண்டு. இரவில் உறவினர்கள் சீட்டை அதன் வழியாகத்தான் நீட்டுவார்கள். நோயாளியின் இரத்தத்தையும் கொடையாளரின் இரத்தத்தையும் பொருத்திப் பார்க்க நேரம் பிடிக்கும். பெரும்பாலும் அதைக் குறுக்க முடியாது. அதுவரை அவர்கள் அங்கேயே நிற்பார்கள். உட்கார நாற்காலி இருக்கிறது, ஆனாலும் யாரும் உட்கார மாட்டார்கள். சில மாதங்களுக்கு முன்பு ஒரு பெண், பிரசவ அறையில் மகள். கையில் சீட்டைச் சுருட்டிச் சுருட்டி அது திரி போல் ஆகிவிட்டது. "நீங்கள் கும்பிடுகிற சாமியிடம் கொஞ்சம் சொல்லுங்கள்" என்றார். அவர் எந்த மதம் என்று எனக்குத் தெரியாது. கருவி சுழன்றுகொண்டிருந்தது, எனக்கும் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் நின்றோம். 130-ஆம் திருப்பாடலை மெதுவாகச் சொன்னேன், மனப்பாடமாக இருந்தது அதுதான். விடியலுக்காகக் காத்திருக்கும் காவலர் வருகிற இடத்தில் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு அவ்வப்போது யாராவது கேட்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்கிறார்கள் என்று தெரியவில்லை, வார்டு ஆயாக்கள் சொல்லி அனுப்புகிறார்களோ என்னவோ.

சரி, கேள்விக்கு வருகிறேன். பாதியில் நின்ற அழைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று எப்படிக் கண்டறிவது? திரும்பிப் போக முயல வேண்டுமா? அனுபவத்திலிருந்து சொல்லுங்கள். வசனம் எனக்கும் தெரியும்.

---

கரும்பலகை எழுதியது:

நானும் ஒரு பாதிவழிப் பயணிதான். குருமடத்தில் தத்துவப் படிப்பு முடித்ததும் வெளியே வந்தேன். இப்போது பள்ளி ஆசிரியர், மனைவி, ஒரு மகள்.

உங்கள் கேள்வியில் "திரும்பிப் போக" என்ற இடத்தில் எனக்கு ஒரு உறுத்தல். எதற்குத் திரும்பிப் போக வேண்டும் என்று தோன்றுகிறது என்பதைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பாருங்கள். வெளியே வந்த பிறகு பல ஆண்டுகள் எனக்குக் குருத்துவத்தின் மீது ஏக்கம் இருப்பதாகவே நினைத்திருந்தேன். பீடத்தில் நிற்பது, மறையுரை ஆற்றுவது, பாவசங்கீர்த்தனம் கேட்பது என்று ஒவ்வொன்றாக மனத்தில் நிறுத்திப் பார்த்தபோது எதுவும் அசையவில்லை. இரவுச் செபத்துக்கு வந்தபோதுதான் அசைந்தது. விளக்கணைக்கும் முன் எல்லோரும் சேர்ந்து பாடுவோமே, அது. அதுதான் வேண்டியிருந்தது, அதற்குக் குருப்பட்டம் தேவையில்லை. இப்போது நானும் மனைவியும் சொல்கிறோம். மகள் கொட்டாவி விட்டுக்கொண்டு கூட வருவாள், சில நாள் வரமாட்டாள்.

"பாதியில் நின்றது" என்கிறீர்கள். அது யார் வகுத்த வழியில் பாதி? இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1521-இல் பாம்பலோனாவில் குண்டடி பட்டுப் படுத்த படுக்கையில் மனம் மாறிய கதை எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவர் உறுதியாக நம்பிய அழைப்பு எது தெரியுமா? எருசலேமில் வாழ்ந்து அங்கேயே சாக வேண்டும் என்பது. 1523-இல் போயும் சேர்ந்தார். புனிதத் தலங்களைக் காத்துவந்த பிரான்சிஸ்கன் துறவியரின் தலைவர், இங்கே தங்க முடியாது, மீறினால் திருச்சபையிலிருந்து விலக்கும் அதிகாரம் எனக்கு உண்டு என்று சொல்லிக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார். மனிதர் திரும்பி வந்து, முப்பது வயதைத் தாண்டிய ஆள், பார்சலோனாவில் சின்னப் பையன்களோடு உட்கார்ந்து இலத்தீன் இலக்கணம் படித்தார். ஆனாலும் ஆசை விடவில்லை. 1534-இல் தோழர்களோடு பாரிஸின் மோன்மார்த்ரில் வார்த்தைப்பாடு கொடுத்தபோதும் அதில் எருசலேம் இருந்தது. 1537-இல் வெனிஸில் காத்துக் கிடந்தார்கள். துருக்கியரோடு போர்ச் சூழல், கப்பல் ஓடவில்லை. கப்பல் கிடைக்காவிட்டால் திருத்தந்தையிடம் போய் நிற்பது என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள், அதன்படி உரோமைக்குப் போனார்கள். 1540-இல் இயேசு சபைக்கு ஒப்புதல் கிடைத்தது. எருசலேம் வரை போய் வந்த அந்த மனிதர் கடைசிக் காலம் முழுக்க உரோமையில் மேசை முன் உட்கார்ந்து கடிதம் எழுதினார். ஏறக்குறைய 7,000 கடிதங்கள். 1556-இல் இறக்கும்வரை எருசலேமை மறுபடியும் பார்க்கவே இல்லை.

அவருடைய ஆரம்பக் கணக்குப்படி அது தோற்றுப்போன அழைப்பு.

பிரான்ஸ் நாட்டுப் புனிதரான குழந்தை இயேசுவின் தெரேசாவின் பெற்றோரும் அப்படித்தான். லூயி மார்ட்டின் ஆல்ப்ஸ் மலைத் துறவு மடம் ஒன்றில் சேரப் போனார், இலத்தீன் தெரியாது என்று திருப்பி அனுப்பப்பட்டார். செலி ஒரு கன்னியர் சபையில் கேட்டுப் பார்த்தார், அங்கேயும் கதவு திறக்கவில்லை. 1858-இல் இருவருக்கும் திருமணம் நடந்தது. 2015-இல் இருவரையும் சேர்த்தே புனிதர் நிலைக்கு உயர்த்தினார்கள். இந்தக் கதையைச் சொல்லும்போது ஒரு தந்திரம் நடக்கும், எச்சரிக்கையாக இருங்கள். "பாருங்கள், உயிரோடு இருந்த ஐந்து மகள்களும் கன்னியர் ஆனார்கள், ஆகவே பெற்றோரின் அழைப்பு நிறைவேறிவிட்டது" என்று கணக்கை முடித்துவிடுவார்கள். பிள்ளைகள் நம்முடைய மிச்சப் பக்கங்களை எழுத வந்தவர்கள் அல்லவே. என் மகள் இப்போதே தெளிவாகச் சொல்லிவிட்டாள், தனக்குப் பாலம் கட்ட வேண்டுமாம்.

தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. எதன் மேல் ஏக்கம் என்று மட்டும் முதலில் பாருங்கள்.

---

சந்தேகத் தோமா எழுதியது:

கடுமையாகத் தோன்றினால் மன்னிக்கவும். இவ்வளவு ஆராய்ச்சி தேவையா? விருப்பம் இருந்தால் அந்தச் சபைக்கு ஒரு கடிதம் போடுங்கள். எடுத்தால் எடுக்கட்டும், இல்லையென்றால் இல்லை. கதவைத் தட்டாமல் வாசலிலேயே நின்றுகொண்டு, உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று இணையத்தில் கேட்பது போல இருக்கிறது.

---

எளிய ஊழியன் எழுதியது:

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு ஸ்தோத்திரம். நான் சீர்திருத்தச் சபைப் போதகன். உங்கள் மடத்து ஒழுங்குகள் எனக்கு அந்நியம், ஆகையால் அதைப் பற்றிப் பேச எனக்கு வாயில்லை. ஆனால் எங்கள் பக்கத்திலும் இதே நோவுக்கு வேறு பெயர் உண்டு. "முழுநேர ஊழியம்" என்போம். கன்வென்ஷன் கூட்டத்தில் ஒருநாள் கண்ணீரோடு கையை உயர்த்தி ஒப்புக்கொடுத்துவிட்டு, பிறகு குடும்பம், கடன், வேலை என்று போனவர்கள் என் சபையிலேயே எத்தனையோ பேர். அவர்கள் வாழ்நாள் முழுவதும் தேவனுக்குக் கடன்பட்டவர்களைப் போலக் குனிந்தே நடக்கிறார்கள். காலையில் எழுந்து நேர்மையாக வேலை செய்து, முதிய தாயைக் குளிப்பாட்டி, சம்பளத்தில் பாதியைத் தம்பியின் படிப்புக்குக் கொடுக்கிற மனிதன் என்னிடம் வந்து, "பாஸ்டர், நான் அழைப்பை விட்டு ஓடிப்போனவன்" என்பான். கேட்கவே வயிறு எரியும்.

வசனம் வேண்டாம் என்றீர்கள். ஆனாலும் உங்கள்மேல் ஒரு வசனத்தை எறிந்திருக்கிறார்கள், அதற்கு மட்டும் பதில் சொல்லவிடுங்கள். கலப்பையைச் சொன்ன அதே ஆண்டவர்தான் மாற்கு 7-இல் கொர்பானைப் பற்றியும் பேசினார். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் "காணிக்கையாகக் கொடுத்தாயிற்று" என்று சொல்லிக் கைகழுவுகிறவர்களை அவர் எவ்வளவு காட்டமாகக் கடிந்துகொண்டார் என்று அந்தச் செபக் குழுக்காரரை ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். படுக்கையில் கிடந்த தகப்பனிடம் போன மகளுக்குக் கலப்பை வசனம் பொருந்தாது. இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

மாற்கு 5-இல் கதரேனருடைய நாட்டில் ஒருவன் வருகிறான். பிசாசு நீங்கியதும் படகில் ஏறப் போன ஆண்டவரிடம், உம்மோடே வருகிறேன் என்று கெஞ்சுகிறான். சுவிசேஷத்தில் "என் பின்னே வா" என்று கேட்டவர்கள் உண்டு, சாக்குச் சொல்லி நழுவினவர்களும் உண்டு. இவன் தானாகவே வருகிறேன் என்றவன். அவனை வேண்டாம் என்று சொல்லி, வீட்டுக்குப் போய் உன் ஜனங்களுக்குச் சொல் என்று அனுப்பிவிடுகிறார். அவன் போய்த் தெக்கப்போலி முழுவதும் சொன்னான். சீஷர் பட்டியலில் அவன் பெயர் இல்லை. எந்தப் பட்டியலிலும் இல்லை.

அடுத்து, "இது தேவ சத்தமா, என் மனதின் சத்தமா" என்ற உங்கள் கேள்வி. இதில் முழு நிச்சயம் வந்த பிறகுதான் அடியெடுத்து வைப்பேன் என்று காத்திருந்தால் ஒருவரும் அசைய முடியாது. ஹிட்லரை எதிர்த்த ஜெர்மானியப் போதகர் தீத்ரிக் போன்ஹோஃபரின் கதை எனக்கு இதில் மிகவும் உதவியிருக்கிறது. 1939 ஜூனில் நண்பர்கள் அவரை ஜெர்மனியிலிருந்து பத்திரமாக நியூயார்க்குக்கு வரவழைத்துவிட்டார்கள். நல்ல வேலை, நல்ல மனிதர்கள், யுத்தத்துக்கு வெகு தூரம். அவருக்கோ இருப்புக்கொள்ளவில்லை. அந்த நாள்களின் நாட்குறிப்பில், தன் தீர்மானங்களுக்கு உண்மையான காரணம் என்ன என்பது தனக்கே ஒருபோதும் முழுதாக விளங்குவதில்லை என்று எழுதுகிறார். தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதின இரண்டாம் நிருபத்தில், மாரிகாலத்துக்கு முன்னே வந்துவிடு என்று ஒரு சிறு வரி உண்டு. பவுல் சொன்னது தன் சொந்தக் காரியத்துக்காக. அந்த வரி போன்ஹோஃபரைப் பிடித்துக்கொண்டது. ஜூலையில் கப்பலேறித் திரும்பிவிட்டார். 1945 ஏப்ரலில் நாஜிகள் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

பெரிய தியாகக் கதையாக இதை உங்களிடம் சொல்லவில்லை. காரணங்கள் கலந்தே இருந்தன என்று அவரே எழுதினாரே, அதற்காகத்தான் சொன்னேன். உங்கள் ஏக்கத்தில் தனிமை கலந்திருக்கிறதா? இருக்கும். தனிமை கலந்திருப்பதாலேயே அதில் தேவன் இல்லை என்று ஆகிவிடாது. சாமுவேல் சிறுபிள்ளையாய் இருந்தபோது தன்னைக் கூப்பிட்டது ஏலி என்று நினைத்து மூன்று முறை ஓடினான். ஆளை மாற்றி நினைத்தாலும் கூப்பிட்ட சத்தம் மெய்யானது.

சந்தேகத் தோமா தம்பி, நீங்கள் சொன்னது முழுக்கத் தவறில்லை. ஆனால் தகப்பனைப் புதைத்து ஒரு வருஷம் ஆன வீட்டில் இவ்வளவு அதட்டல் வேண்டாம்.

---

பயிற்சி இல்லத்துச் சகோதரி எழுதியது:

அன்புச் சகோதரிக்கு வணக்கம். நான் துறவியாக இருப்பவள், நவதுறவியருக்குப் பயிற்சி அளித்தவள். முதலில் உலர்ந்த விவரங்களைச் சொல்லிவிடுகிறேன், அவை தெரியாமல் பலர் மாதக்கணக்கில் குழம்புகிறார்கள்.

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தில் நவதுறவகத்தில் சேரக் குறைந்தபட்ச வயது 17 என்று இருக்கிறது. மேல்வரம்பு சட்டத்தில் இல்லை. ஒவ்வொரு சபையும் தன் விதிகளிலோ நடைமுறையிலோ வைத்திருக்கும். நாற்பதைக் கடந்தவரை ஏற்கும் சபைகள் உண்டு, ஏற்காதவை அதைவிட அதிகம். 690-ஆம் சட்டத்தின்படி, நவதுறவகத்தை முடித்த பிறகோ வார்த்தைப்பாடு கொடுத்த பிறகோ முறையாக வெளியேறிய ஒருவரை, சபையின் உயர் தலைவி தம் ஆலோசனைக் குழுவின் சம்மதத்தோடு, மறுபடியும் நவதுறவகம் செய்யச் சொல்லாமலேயே ஏற்கலாம். நீங்கள் நடுவிலேயே வந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே உங்களுக்கு இது பொருந்தாது. ஏற்றுக்கொண்டால் தொடக்கத்திலிருந்து, குறைந்தது முழுமையாகப் பன்னிரண்டு மாத நவதுறவகம். பாதிவயது இளையவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து, "சகோதரி, இன்று பாத்திரம் கழுவும் முறை உங்களுடையது" என்று கேட்க வேண்டிவரும். உங்களால் முடியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மனத்தில் அந்தப் படத்தையும் வைத்துப் பாருங்கள், சிற்றாலயத்தை மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள்.

மடம் ஒன்றுதான் வழி என்பதும் இல்லை. தங்கள் தொழிலிலும் வீட்டிலும் இருந்துகொண்டே வார்த்தைப்பாடுகளோடு வாழ்பவர்களின் சபைகளுக்குத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1947-இல் சட்ட வடிவம் கொடுத்தார். திருமணம் ஆகாத பெண்களை ஆயரே கன்னிமை வாழ்வுக்கு நேர்ந்தளிக்கும் பழைய சடங்கு 1970-இல் புதுப்பிக்கப்பட்டது. அவர்கள் தங்கள் வேலையைத் தொடர்வார்கள். இவற்றை விசாரித்துப் பார்க்கலாம்.

இனி உங்கள் பதிவுக்கு வருகிறேன். இரண்டு முறை வாசித்தேன். ஒரு காலத்தில் இளம்பெண்கள் எழுதிக்கொடுக்கும் விண்ணப்பங்களை வாசிப்பதே என் வேலை, அந்தப் பழக்கத்தில் வாசித்தேன். மடத்தைப் பற்றி எழுதிய இடத்தில் மணி இருக்கிறது, குறிப்பேடு இருக்கிறது. ஒரு மனித முகம்கூட இல்லை, உங்கள் பயிற்சித் தலைவி சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தைத் தவிர. ஜன்னலைப் பற்றி எழுதும்போது, "இதற்குத் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை" என்று தொடங்கி, சுருட்டிய சீட்டு வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். எங்கே உங்கள் நடை தானாக ஓடியது என்று நீங்களே வாசித்துப் பாருங்கள்.

இதைத் தீர்ப்பாகச் சொல்லவில்லை. ஒரு முறை நன்றாக எழுதியதால் அது அழைப்பாகிவிடாது. இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகளில், மனத்தின் அசைவுகளில் எது கடவுளிடமிருந்து வருவது என்று தெளிந்து தேர்வதற்கான விதிகள் உண்டு, 1548-இல் அச்சான சிறு நூல் அது. அதன் 318-ஆம் பத்தி சொல்வது, ஆன்ம வறட்சியின் காலத்தில் முந்தைய தீர்மானத்தை மாற்றாதே என்பது. துக்கம் வேறு, ஆன்ம வறட்சி வேறு. ஆனால் துக்கத்தில் இருப்பவருக்கு இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம், அதனால் நான் இரண்டுக்கும் ஒரே மருந்தைத்தான் கொடுப்பேன்: பெரிய தீர்மானத்தை ஒத்திவையுங்கள், சிறிய விசாரிப்புகளை ஒத்திவைக்காதீர்கள். கடிதம் போடச் சொன்ன அன்பருக்கும் இதில் பாதி நியாயம் கிடைக்கும்.

அதே நூலில் 185-ஆம் பத்தியில் ஒரு பயிற்சி இருக்கிறது. இதுவரை பார்த்தே இராத ஒருவர் உங்கள் நிலைமையோடு உங்களிடம் வந்தால், அவருடைய முழு நன்மையையும் விரும்பி என்ன ஆலோசனை சொல்வீர்கள்? சொல்லிவிட்டு அதை நீங்கள் பின்பற்றுங்கள் என்கிறார். எளிதாகத் தோன்றும், செய்து பாருங்கள். என்னிடம் வந்த பலர், முன்பின் தெரியாத அந்த ஆளிடம் தங்களிடம் காட்டாத கனிவைக் காட்டினார்கள். ஒருத்தி நேர்மாறாக, தன்னிடம் காட்டிக்கொண்ட சலுகையை அந்த ஆளுக்குக் காட்ட மறுத்தாள். இரண்டுமே பயனுள்ளவை.

ஒவ்வொரு பணி முடிவிலும் ஒரு சில நிமிடம் ஒதுக்கி, அன்றைய பொழுதில் எப்போது மனம் விரிந்தது, எப்போது சுருங்கியது என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். அந்தப் பழைய குறிப்பேட்டின் வெற்றுத்தாளில் எழுத வேண்டாம், புதிதாக ஒன்று வாங்குங்கள். ஜன்னலில் மனம் விரிந்ததா என்றும் பாருங்கள், அங்கே சுருங்கிய நாள்களையும் மறைக்காமல் எழுதுங்கள். ஆன்ம வழிகாட்டி ஒருவரிடம் அதைக் காட்டுங்கள். தனியாக இதைச் செய்யாதீர்கள். மடத்தைவிட்டு ஏழைகளிடம் போகச் சொல்லி அன்னை தெரேசா 1946-இல் ரயிலில் கேட்ட அழைப்பை ஒப்பிட்டுப் பாருங்கள். ஐயமே இல்லாத தெளிவு அவருக்கு இருந்தது. அப்படியிருந்தும் பேராயர் உடனே தலையசைக்கவில்லை. தாம் இருந்த லொரேத்தோ மடத்தைவிட்டு அவர் வெளியே வந்தது 1948 ஆகஸ்டில். தாமதிக்கவைத்த பேராயரை அப்போது எத்தனை பேர் மனத்துக்குள் திட்டியிருப்பார்கள் என்று நான் சில சமயம் நினைப்பதுண்டு. பயிற்சி கொடுப்பவர்களுக்கு அப்படிப்பட்ட திட்டு பழகிப்போன ஒன்று.

---

பாதிப்பக்கம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சகோதரி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் முதலில் கோபம் வந்தது. மாட்டிக்கொண்ட கோபம்தான்.

ஆனால் ஒன்றில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. மடத்தைப் பற்றி எழுதிய இடத்தில் முகம் இல்லை என்றீர்கள். அங்கே முகங்கள் இல்லாததால் அல்ல, எழுதினால் நிறுத்த முடியாது என்பதால் எழுதவில்லை. எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவள் இப்போது வேறொரு நாட்டில் தொழுநோயாளர் இல்லம் ஒன்றில் பணியாற்றுகிறாள். கிறிஸ்துமஸுக்குக் கடிதம் எழுதுவாள், நான் பதில் எழுதுவேன். கரும்பலகை சொன்னபடி துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தேன். மணி அசையவில்லை, உடுப்பு அசையவில்லை, சிற்றாலயம் கொஞ்சம் அசைந்தது. இவள்தான் முழுதாக அசைத்தாள். கூட ஒருத்தி இருந்தாள் என்பது. ஆகவே இரவுச் செபத்துக்கு ஆள் தேடிய கரும்பலகையின் கதை எனக்கு நன்றாகவே புரிகிறது.

போதகர் ஐயா, கொர்பான் எனக்குத் தோன்றாமல் போனது ஆச்சரியம்தான். அடுத்த செபக் கூட்டத்துக்கு மாற்கு 7-ஐ வாசகமாக வைக்கலாம் என்று பரிந்துரைக்கப் போகிறேன், அன்பின் பெயரால்தான், கொஞ்சம் வேறு காரணங்களும் கலந்திருக்கும்.

சந்தேகத் தோமா, கடிதம் எழுதிவிட்டேன். ஆனால் சபைத் தலைவிக்கு அல்ல, அந்தத் தோழிக்கு. கிறிஸ்துமஸ் வாழ்த்து இல்லாமல் முழுக் கடிதம். அவளுக்கு என்னை அப்போதும் தெரியும், ஆகவே அந்த 185-ஆம் பத்தியை அவளையும் செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜன்னலைப் பற்றி ஒரு கேள்வி மீதம் இருக்கிறது, யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அங்கே நான் செய்வது சரிதானா என்றே எனக்குச் சந்தேகம். நான் ஆய்வுக்கூட ஊழியர். அந்தப் பக்கம் நிற்பவர் இரத்தத்துக்காக என்னை நம்பி நிற்கிறார். கேட்காதவரிடம் நான் ஒருபோதும் செபத்தைப் பற்றிப் பேசியதில்லை, ஆனால் கேட்பவரும் என்ன நிலைமையில் கேட்கிறார்? இதற்கென்று முறையான பயிற்சி ஏதாவது உண்டா?

---

எளிய ஊழியன் எழுதியது:

உண்டு சகோதரி. மருத்துவமனை ஆன்மப் பணிக்கென்றே தனிப் பயிற்சி முறை இருக்கிறது. அதைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர் ஆன்டன் பாய்சன் என்ற அமெரிக்கப் போதகர். அவரே மனநோயால் மருத்துவமனையில் இருந்தவர். வெளியே வந்தபின் 1925-இல் மாசசூசெட்ஸின் வூஸ்டர் மனநல மருத்துவமனையில் இறையியல் மாணவர்களை வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார். புத்தகங்களைப் படிப்பது போலவே மனிதர்களையும் படிக்க வேண்டும் என்பது அவர் முறை. பிற்காலத்தில் இந்தப் பயிற்சியில், நோயாளியோடு நடந்த உரையாடலை நினைவிலிருந்து அப்படியே எழுதி, குழுவில் வைத்து, "இந்த இடத்தில் நீ ஏன் பேச்சை மாற்றினாய்" என்று அலசுவது வழக்கமாயிற்று. நான் அதில் உட்கார்ந்திருக்கிறேன். பிரசங்கத்தில் கிடைத்த பெருமையெல்லாம் அந்த அறையில் உதிர்ந்துபோகும். கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையார் என்ற பேதமில்லாமல் சேர்த்துக்கொள்கிறார்கள், குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினருக்கும் இடமுண்டு.

நீங்கள் கேட்ட தயக்கத்தைத்தான் அங்கே முதலில் பேசுவார்கள்: கேட்கிறவர் எந்த நிலைமையில் கேட்கிறார், உனக்கு அவர்மேல் என்ன அதிகாரம் இருக்கிறது. உங்கள் துறைத் தலைவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், மறைவாகச் செய்கிற காரியமாக அது இருக்க வேண்டாம். பயிற்சியில் சேர மேலாளரின் கடிதம் கேட்டால், அதற்கும் அது உதவும்.